தன் நெஞ்சுக்கே அஞ்சுதல்

ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம், அத்துடிப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை அதற்கு உரியவருக்குத் தெரியாமலேயே முடித்துவிடுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் போல அதுவும் தன் போக்கில் இயங்கிக்கொண்டிருக்கும் வரை மனிதர் அதை நலம் என்று கொள்கின்றனர். இயங்குவது தெரியத் தொடங்கிவிட்டால், இயக்கத்தில் எந்தப் பிழையும் இல்லாதபோதும், நலக்குறைவு தொடங்கிவிட்டதாக எண்ணுகின்றனர். இவ்வாறு தன் இதயத் துடிப்பைத் தானே உணர நேர்வதை மருத்துவம் படபடப்பு என்று வழங்குகிறது. விரைந்து துடிப்பது, ஓங்கித் துடிப்பது, ஒரு துடிப்பு விட்டுப்போனதுபோல் தோன்றுவது, தொண்டைக்குழிக்குள் ஏதோ புரள்வதுபோல் இருப்பது ஆகிய யாவும் அதில் அடங்கும். படபடப்போடு மருத்துவரிடம் வருவோரில் கணிசமானவர்களுக்கு இதயத்தில் நோய் எதுவும் காணப்படுவதில்லை. மனப்பதற்றமே காரணமாக நிற்கிறது. அந்தக் காரணம் தெரிந்த பிறகும் துடிப்பு ஏன் ஓயாமல் தொடர்கிறது என்பதும், அதை வைத்துக்கொண்டு எவ்வாறு வாழ்வது என்பதும் மருத்துவத்துக்குச் சற்று வெளியே கிடக்கும் கேள்விகள்.

இக்கேள்விகளைத் தொடுவோரை எளிதில் விடாத ஒரு சிறு நிகழ்ச்சி ஆஸ்திரேலியரான கிளேர் வீக்ஸின் (1903–1990) வாழ்க்கையில் இருக்கிறது. பதற்ற நோய்களுக்கு வழிகாட்டியாகப் பின்னாளில் உலகறிந்த அவர், 1920-களின் இறுதியில் மருத்துவராகவே ஆகியிருக்கவில்லை. குட்டி ஈனும் அரணை இனங்களின் நஞ்சுக்கொடியை ஆராய்ந்துகொண்டிருந்த விலங்கியலாளர். உடல் நலிந்தபோது காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைக்கப்பட்டு, விடாத படபடப்போடு வெளியே வந்தார். முதல் உலகப் போரின் முன்களத்தில் நின்று திரும்பியவரும் நிலவியலாளருமான மார்செல் ஒரூசோ என்ற நண்பரிடம் அவர் அதைப் பற்றிச் சொன்னபோது, பதுங்குகுழிகளில் இருந்த எல்லோருக்கும் இது இருந்தது என்றும், இது அச்சத்தின் வேலை என்றும், துடிப்புக்கு அஞ்சுவதாலேயே துடிப்பு அடங்காமல் இருக்கிறது என்றும் பொருள்படும்படி ஒரூசோ விடையளித்தார். அவ்வளவே நிகழ்ச்சி. வீக்ஸ் நலம்பெறத் தொடங்கியது அந்த விடையிலிருந்து என்பதும், முப்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து 1962-இல் அவர் வெளியிட்ட நூலின் கரு அதுவே என்பதும் பிறகு நடந்தவை.

இதில் உறுத்திக்கொண்டே இருக்கும் விவரம் ஒன்று உண்டு. பதிவாகியுள்ள அளவில் பார்த்தால், அவர் சொன்னதைக் கேட்ட நண்பர் வியப்படையவில்லை. முகம் மாறவோ, நாடியைப் பிடித்துப் பார்க்கவோ, எப்போதிலிருந்து என்று கேட்கவோ செய்யாமல், பலமுறை பார்த்த ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். வீக்ஸைத் தேற்றியது அந்த விளக்கமா, அதைச் சொன்னவரின் வியப்பின்மையா என்பது சிறிய ஐயமாகத் தோன்றினாலும், படபடப்போடு வாழ்வது பற்றிய பெரும்பாலான அறிவுரைகள் அந்த ஐயத்தின் மேல்தான் நிற்கின்றன.

விளக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டால், உடலியல் அதை முழுமையாகவே ஆதரிக்கிறது. இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு திசுத் தொகுதி ஒன்று இருக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் கண்டறிந்து விவரித்த அதற்குச் சைனஸ் கணு என்று பெயர். வெளியிலிருந்து எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டால் அது நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிப்பை எழுப்பும். ஓய்வில் அது 70 அளவில் நிற்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதைக் கடிவாளமாக இடைவிடாது இழுத்துப் பிடித்திருப்பதே. அச்சம் எழும்போது அந்தப் பிடி தளர்கிறது. கூடவே, ஆபத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்பட்டு, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் சேர்க்கின்றன. போரிடவோ தப்பியோடவோ உடல் செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை 1915-இல் வால்டர் கேனன் தம் நூலில் விரிவாக எழுதினார். ஓடவும் போரிடவும் எதுவும் இல்லாத நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அந்த ஆயத்தம் முழுவதும் நெஞ்சுக்குள் தட்டும் ஓசையாகவே எஞ்சுகிறது.

ஆனால் குருதியில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும் இயல்புடையது என்பதால், ஒரு முறை எழுந்த அச்சம் தானாக மணிக்கணக்கில் நீடிக்க வழியில்லை. நீடிக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதை மீண்டும் மீண்டும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. வீக்ஸ் இதை முதல் அச்சம், இரண்டாம் அச்சம் என்று பிரித்தார். முதலாவது, தானே எழும் உடலின் அதிர்வு; இரண்டாவது, ஐயோ இதென்ன, இப்போதே நின்றுவிடுமோ என்று அந்த அதிர்வைக் கண்டு எழுவது. 1986-இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர், பீதித் தாக்கம் எனப்படும் திடீர்ப் பேரச்சத்துக்குத் தந்த விளக்கமும் இதையொட்டியதே: உடலின் சாதாரண மாறுதல் ஒன்று உடனடி அழிவின் அறிகுறியாகப் பொருள் கொள்ளப்படுகிறது, அந்தப் பொருள்கோள் அச்சத்தைக் கூட்டுகிறது, கூடிய அச்சம் உடலின் மாறுதலைக் கூட்டுகிறது, கூடிய மாறுதல் பொருள்கோளை மெய்ப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. விட்டுப்போனதாகத் தோன்றும் துடிப்பிலும் இதையே காணலாம். அங்கே உண்மையில் துடிப்பு எதுவும் விட்டுப்போவதில்லை. ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பே வந்துவிடுகிறது, அடுத்து ஓர் இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளியில் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிய குருதியை வெளியேற்றும் துடிப்பு ஓங்கி விழுகிறது. நலமான இதயங்களிலும் மிகச் சாதாரணமாக நிகழும் இதை, கவனித்துக் காத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் பிடித்துவிடுகிறார்; மற்றவர் காய்கறி வாங்கிக்கொண்டோ பேருந்துக்கு ஓடிக்கொண்டோ இருந்துவிடுகிறார்.

ஒரூசோ குறிப்பிட்ட பதுங்குகுழிகளுக்கும் முன்பே தொடங்கிய ஒரு மருத்துவ வரலாறு இதற்கு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் பணியாற்றிய ஜேக்கப் மென்டெஸ் டா கோஸ்டா, சுமார் 300 படைவீரர்களிடம் கண்ட படபடப்பையும் நெஞ்சு வலியையும் மூச்சிரைப்பையும் தொகுத்து, எரிச்சலுற்ற இதயம் என்று பெயரிட்டு 1871-இல் வெளியிட்டார். கடும் படைப்பணி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவையே அவர் கண்ட காரணங்கள். முதல் உலகப் போரில் அது படைவீரர் இதயம் என்றாயிற்று. அதை ஆராய்ந்த தாமஸ் லூயிஸ், இத்தகையோரைப் படுக்கையில் கிடத்துவதைவிடப் படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியே பயன் தருகிறது என்று கண்டார். கடைசியில் 1941-இல், இரண்டாம் போரின் நடுவே, பால் வுட் என்ற இதய மருத்துவர் இது இதய நோயே அன்று, அச்சத்தின் உடல் வெளிப்பாடு என்றும், நோயாளி தன் இதயத்தின் மேல் பழிபோடப் பழகிவிடுவதும் மருத்துவர்கள் அதை உறுதிசெய்துவிடுவதும் நோயை நிலைபெறச் செய்கின்றன என்றும் விரிவாக வாதிட்டார். இந்தப் பால் வுட் நம் நீலகிரியின் குன்னூரில் 1907-இல் பிறந்தவர் என்பது தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் சுவை. ஒரு நண்பர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்ட ஒன்று மருத்துவ இதழில் முடிவாக அச்சேறுவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. அவ்வளவு கால இடைவெளிக்குக் காரணம் மருத்துவர்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் இதயத்தைப் பார்க்கவே பயின்றவர்கள், ஆகவே இதயத்தையே பார்த்தார்கள்.

அச்சமுற்றவரின் முன் ஒருவர் பார்க்கும் விதமே ஒரு செய்தியாகிவிடுகிறது. 1988-இல் ஆங்கே ஏலர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு அவர்களுடைய இதயத் துடிப்பு என்று சொல்லிப் பொய்யான ஓசை ஒன்று கேட்கச் செய்யப்பட்டது. அந்த ஓசை திடீரென விரைந்தபோது, பீதி நோய் உடையவர்களின் மெய்யான துடிப்பும் குருதியழுத்தமும் பதற்றமும் கூடின. நோயற்றவர்களிடம் அவ்வாறு கூடவில்லை. இதயம் விரைகிறது என்ற செய்தி மட்டுமே இதயத்தை விரையச் செய்யப் போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியானால் இதயம் நலமாக இருக்கிறது என்ற செய்தி அதை அடக்கிவிட வேண்டும். ஆனால் நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, எக்கோ சரியாக இருக்கிறது என்று கேட்டு வெளியே வருபவர் வாகன நிறுத்தம் வரை நிம்மதியாக நடக்கிறார்; அதற்குள், எடுத்தபோது வராத கோளாறு எடுக்காதபோது வந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சோதனை முடிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சோதனை தேவைப்பட்டது என்ற நினைவு அதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒரூசோ எதையும் சோதிக்கவில்லை.

தமிழ் படித்தவர்களின் நினைவில் பாதி அழிந்து கிடக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று கொண்டு, அவற்றை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறும் அந்நூல், அச்சம் பிறக்குமிடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றைத் தருகிறது. அணங்கு என்பது வருத்தும் தெய்வ ஆற்றல். இறை என்பது அரசன் முதலாகத் தண்டிக்கும் அதிகாரம் உடையோர். நான்கும் மனிதனுக்கு வெளியே நிற்பவை என்பதை அந்தப் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது கவனித்திருக்க வாய்ப்பில்லை. விலங்கிடமிருந்து ஓடலாம், கள்வரிடம் பொருளை விட்டுவிடலாம், அணங்குக்குப் படையல் இடலாம், இறையின் முன் பணிந்து நிற்கலாம். தன் விலா எலும்புகளுக்குள் இருக்கும் ஒன்றிடமிருந்து ஓடுவதற்கு அந்த நூலில் வழி தேட முடியாது. பிணி அங்கே அச்சத்தின் கீழ் வரவேயில்லை என்பது இன்னும் வியப்புக்குரியது. மூப்போடு சேர்த்து அது இளிவரல் என்ற மெய்ப்பாட்டின் கீழ், அதாவது தன்னைத் தாழ்வாக உணரும் நிலையின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வைப்பில் ஒரு நுட்பம் இருக்கலாம். படபடப்பு உடையவர் அலுவலகத்தில் அதைப் படபடப்பு என்று சொல்வது அரிது. கேஸ் என்கிறார், வாயு என்கிறார், இரவு சரியாகத் தூங்கவில்லை என்கிறார். ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் பல வீடுகளில் செரிமானத்துக்கு மட்டும் கொடுக்கப்படுபவை அல்ல. பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிட வயிற்றின் மேல் பழிபோடுவது மானத்துக்கு எளிது. பதுங்குகுழியின் வீரர்களுக்கும் இதயத்தின் மேல் பழி போடுவதே கௌரவமான வழியாக இருந்திருக்கும்.

ஆனால் துடிப்பு என்பது எப்போதுமே அஞ்சப்பட்ட ஒன்றன்று என்பதற்குக் குழந்தைப் பருவமே சான்று. பழைய வீடுகளில் கண்ணாமூச்சி ஆடிய பிள்ளைகள் நெற்குதிருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இருட்டில் ஒடுங்கி நிற்கும்போது, தேடி வருபவரின் காலடி நெருங்க நெருங்க, தம் நெஞ்சு அடிக்கும் ஓசை வெளியே கேட்டுக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அதைக் கையால் பொத்திக்கொள்வதுண்டு. அன்று அந்தத் துடிப்பு நின்றுவிடும் என்று எந்தப் பிள்ளையும் அஞ்சியதில்லை. ஆட்டத்தின் இன்பமே பாதி அதில்தான் இருந்தது. அதே சுரப்பி, அதே அட்ரினலின், ஒருவேளை அதே வேகம். 1924-இல் ஸ்பானிய மருத்துவர் கிரெகோரியோ மாரான்யோன் பலருக்கு அட்ரினலினை ஊசி வழியே செலுத்தி என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, பலர் உடல் மாறுதல்களை மட்டுமே சொன்னார்கள். வேறு சிலர் அஞ்சுவதுபோல் இருக்கிறது, ஆனால் அஞ்சவில்லை என்றார்கள். துடிப்பு தன்னளவில் அச்சமாகிவிடுவதில்லை என்று அதிலிருந்து கொள்ள இடமுண்டு. ஆயினும் எந்த வயதில், எந்த நிகழ்ச்சிக்குப் பின், குதிரின் பின்னே இன்பமாக இருந்த ஒன்று படுக்கையில் மரண அறிவிப்பாக மாறுகிறது என்பதை அந்த ஆய்வு தொடவில்லை. அறிந்த ஒருவரின் திடீர் இறப்பு, ஒரு நாள் வந்த தலைச்சுற்றல், அல்லது எதுவுமே இல்லாமல், அந்த மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

நடைமுறைக்கு வந்தால், செய்யத்தக்கவை பலவாக இல்லை. படபடப்பு புதிதாகத் தொடங்கியவர் ஒரு முறை மருத்துவரைக் கண்டு, இ.சி.ஜி., குருதிச்சோகைக்கும் தைராய்டுக்குமான சோதனைகள், தேவையெனில் 24 மணி நேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி ஆகியவற்றை முடித்துக்கொள்வது முறை. மயக்கமடைந்து விழுதல், நெஞ்சு வலி, உழைப்பின்போது எழும் படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் இறப்பு ஆகியவை இருப்பின் அதைத் தள்ளிப்போடக் கூடாது. காபியும் தேநீரும் சில சளி மருந்துகளும் ஆஸ்துமாவுக்கான சில இழுமருந்துகளும் துடிப்பைக் கூட்டக்கூடியவை. மூச்சை மெதுவாக விடுவது, இழுப்பதைவிட விடுவது நீளும்படி பார்த்துக்கொள்வது, வேகஸ் நரம்பின் பிடியை ஓரளவு மீட்கிறது. மாறாக, பதற்றத்தில் வேகவேகமாக மூச்சிழுத்தால் குருதியில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துத் தலை கிறுகிறுக்கிறது, அதுவும் மாரடைப்பின் தொடக்கமாகவே எண்ணப்பட்டுவிடுகிறது. துடிப்பை அடக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்துகளை மருத்துவர் தரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகக்கூடும் என்பதால் பிறருக்குத் தந்ததைக் கேட்டு வாங்கி விழுங்குவது தகாது. மணிக்கட்டில் துடிப்பை எண்ணிக் காட்டும் கடிகாரங்களைப் பற்றிச் சொல்வதானால், இந்த ஒரு வகையினருக்கு அவை நன்மையைவிடத் தொல்லையே அதிகம் செய்கின்றன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவற்றையெல்லாம்விட வீக்ஸ் வற்புறுத்தியது வேறு. துடிப்பை எதிர்கொள்ளுதல், அதை ஏற்றுக்கொள்ளுதல், அதனோடு மல்லுக்கு நிற்காமல் மிதந்து செல்லுதல், காலம் கழிய விடுதல் என்று நான்காக அவர் அதைச் சொன்னார். இன்றைய உளச் சிகிச்சையில், படிக்கட்டில் ஓடவிட்டும் நாற்காலியில் சுழலவிட்டும் வேண்டுமென்றே துடிப்பைக் கூட்டி, அது தானே அடங்குவதைப் பார்க்கச் செய்யும் பயிற்சியும் அவர் வழியிலிருந்து வெகு தொலைவில் இல்லை. ஆனால் இந்த வழியில் ஒரு முள் இருக்கிறது. போய்விட வேண்டும் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்பவர், உண்மையில் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அது போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பார்வையே இரண்டாம் அச்சத்துக்குப் போதும். வரட்டும், இருக்கட்டும் என்று மெய்யாகவே சொல்வதற்கு, அது இருந்தாலும் தீங்கில்லை என்ற உறுதி முன்கூட்டியே வேண்டும். அந்த உறுதிதான் இல்லாமல் போயிருக்கிறது. சுற்றி வந்தால், உறுதியை வேறொருவரிடமிருந்து கடன் வாங்கவேண்டிய இடத்துக்கே வந்து நிற்க நேர்கிறது. ஒரூசோ கொடுத்தது அந்தக் கடனாக இருக்கலாம்.

அத்தகைய கடனை யார் கொடுக்கலாம் என்பது எளிய கேள்வியும் அன்று. ஒன்றுமில்லை, கேஸாக இருக்கும் என்று வியப்பில்லாமல் சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் குறைவில்லை. அவர்களுடைய அமைதியை நம்பி உண்மையான மாரடைப்போடு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. படபடப்பின் பின்னேயுள்ள அச்சத்தை அவ்வளவு தெளிவாக எழுதிய பால் வுட்டே 1962-இல், 54-ஆம் வயதில், மாரடைப்பால் இறந்தார். இதயம் நின்றுவிடும் என்ற அச்சம் முற்றிலும் ஆதாரமற்ற அச்சமன்று. இன்று, இந்தக் கணத்தில், இந்தத் துடிப்பைக் கொண்டு அப்படி எண்ணுவதே பிழையானது. கணத்துக்கும் வாழ்நாளுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைப் பகலில் ஏற்றுக்கொள்ளும் மனம் இரவில் ஏற்றுக்கொள்வதில்லை.

வீக்ஸ் தம்மிடம் வர இயலாதவர்களுக்கு நூல்களோடு ஒலித்தட்டுகளையும் அனுப்பினார். அவருடைய குரலைக் கேட்டு வீட்டை விட்டு வெளியே வரத் துணிந்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். எழுத்தே போதுமென்று அவர் கருதவில்லை என்பதற்கு இது சான்றாகலாம். அல்லது, அச்சமற்ற ஒருவர் அருகில் இருக்கவேண்டியதில்லை, அவர் குரல் இருந்தாலே போதும் என்பதற்கும் சான்றாகலாம். முதுமையிலும் இரவு நேரப் பீதி தமக்கு வருவதுண்டு என்றும், அதைத் தாம் பொருட்படுத்துவதில்லை என்றும் அவர் கூறியதாகத் தெரிகிறது. அதை அவர் குணமடைந்ததற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதா, அந்தத் துடிப்பு ஒருபோதும் முற்றிலும் விலகாது என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதா என்று இக்கட்டுரையாளரால் முடிவு செய்ய இயலவில்லை. பொருட்படுத்தாதவராக அவர் மாறியது பல பத்தாண்டுப் பழக்கத்தாலா, தொடக்கத்தில் ஒருவர் திடுக்கிடாமல் கேட்டதாலா, திடுக்கிடாமல் கேட்க ஒருவர் வாய்க்காதவர் அஞ்சுபவராகவும் அதைக் கேட்டு அஞ்சாதவராகவும் தாமே இருந்துகொள்ள முடியுமா என்பவையும் அவ்வாறே நிற்கின்றன. முடியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் யாரிடமிருந்து கேட்டார்கள் என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.